மறைந்தவர் பெயர் மறையாதிருக்க

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

ஆண்டறிக்கையைச் செயலாளர் அவர்கள் சற்று முன் வாசித்தளித்தார்கள். சந்தா வரவு, கடை வாடகை, மின்கட்டணம், மதரஸாச் செலவு, கபுருஸ்தான் பராமரிப்பு என ஒவ்வொரு ரூபாய்க்கும் அதில் கணக்கு இருக்கிறது. அமானிதத்தைப் பேணும் ஜமாஅத் அப்படித்தான் இருக்க வேண்டும். அல்ஹம்துலில்லாஹ். அதே அறிக்கையின் இறுதியில் ‘இவ்வாண்டு வஃபாத்தானோர்’ என்றொரு பட்டியலும் இடம்பெறுகிறது. அதில் ஒருவருக்கு ஒரு வரி. பெயர், தகப்பனார் பெயர், தெரு, தேதி, அவ்வளவே. பெண்களாக இருப்பின் பல வேளைகளில் பெயரும் இல்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாயார்’ என்ற அளவில் அந்த வரி முடிந்துவிடுகிறது.

எண்பது ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, பள்ளிவாசலின் வரிசையில் நின்று தொழுத ஒரு மனிதருக்கு நாம் ஒதுக்கும் இடம் ஒரு வரி! மின்கட்டணத்திற்குக் கொடுக்கும் இடத்தை விட அது குறைவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்றே இன்று ‘மூத்தோரின் வாழ்வையும் மறைவையும் நினைவில் வைத்தல்’ என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். இறந்தோருக்காக நாள் குறித்துச் செய்யப்படும் சடங்குகளைப் பற்றி நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்திற்குள் இவ்வுரை புகவில்லை. எழுதி வைத்தலைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறோம். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை என்று நம்புகிறோம்.

கல்லில் நின்ற பெயர்

நம் தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை அவை என்று அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தோரின் நினைவாகப் பொறித்த எழுத்துகளுள் இந்திய நாட்டில் மிகப் பழமையானவற்றின் வரிசையில் அவை வைத்து எண்ணப்படுகின்றன.

அவற்றுள் ஒரு கல் சொல்லும் செய்தி மிகச் சிறியது. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவர், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தார் என்பதே அதன் பொருள். மன்னரின் மெய்க்கீர்த்தி போல அது நீளவில்லை. ஆளின் பெயர், ஊர், இறந்த சூழல் ஆகிய மூன்றே செய்திகள். ஆயினும் அந்த மனிதரின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் உச்சரிக்கிறோம். அவருக்கு மேலிருந்த அரசர் யாரென்று அந்தக் கல் சொல்லவில்லை.

கல் நட்டு வழிபடுவது நம் மார்க்கத்தின் வழியன்று. ஆனால், ஒருவரின் பெயரை மறக்காமலிருக்க நீண்ட வரலாறு எழுத வேண்டியதில்லை, சில சொற்களே போதும் என்னும் பாடம் நம் மண்ணிலேயே கிடைத்திருப்பதைக் கருத வேண்டும்.

அணை தெரியும், ஆட்கள் தெரியவில்லை

இன்னோர் எடுத்துக்காட்டு, நாம் நாள்தோறும் அருந்தும் தண்ணீரோடு தொடர்புடையது. முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானம் 1887இல் தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்த நீரால்தான். அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கை இப்பகுதி மறக்கவில்லை. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் ஊர்கள் தோறும் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்தது. 2022இல் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரிலும் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை நிறுவியது. இத்தகைய நன்றியுணர்வு பாராட்டத்தக்கது.

ஆனால் அந்த அணை ஒருவர் கையால் எழுந்ததன்று. காட்டு மழையிலும் கடுங்குளிரிலும் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சுமந்தார்கள். மலைக் காய்ச்சலும் காலராவும் அவர்களை வாரிச் சென்றன. நோயால் மட்டும் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்து, அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். எண்ணிக்கை நிற்கிறது, பெயர்கள் நிற்கவில்லை. அவர்களுள் நம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தோர் யார், எந்த வீட்டின் முன்னோர் என்று கேட்டால் மறுமொழி கூறுவாரில்லை. அவர்களின் மக்களுக்கும் பேரர்களுக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். அன்று யாரும் கேட்டு எழுதவில்லை. தெரிந்தவர்கள் சென்ற பின் செய்தியும் சென்றுவிட்டது.

திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்திற்குப் பெயர் வந்தது. ஒவ்வோர் ஊரிலும் முதன்முதலாகக் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டவர் எவர், கவாத்து செய்யக் கற்றுக்கொடுத்தவர் எவர், விலை விழுந்த ஆண்டுகளில் பந்தலைப் பிரித்தவர் எவர் என்பதெல்லாம் இன்றும் சில முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இருந்தார். சில நாட்களாக அவரைக் காணாத நபியவர்கள் அவரைப் பற்றி வினவினார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினார்கள். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்மணியின் காரியத்தை மற்றவர்கள் சிறிதாக எண்ணிவிட்டார்கள் போலும். பிறகு அவருடைய கப்ரு எங்கே என்று கேட்டறிந்து, அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

இச்செய்தியைப் பள்ளிவாசலைத் தூய்மை செய்வதன் சிறப்புக்காக நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். செல்வரோ தலைவரோ அல்லாத ஒருவர் மறைந்த செய்தி தம்மிடம் வந்து சேராததை நபியவர்கள் சாதாரணமாக விட்டுவிடவில்லை. ஓர் எளிய பெண்ணின் மரணமும் அறிவிக்கப்பட வேண்டியது, அவர் அடங்கிய இடமும் அறியப்பட வேண்டியது என்பதை அவர்களின் செயல் உணர்த்துகிறது.

அதன் பின் வந்த நம் முன்னோர்கள் மனிதர்களைப் பற்றி எழுதுவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள். ஹதீஸை அறிவித்த ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், வாய்மை உடையவரா, எப்போது மறைந்தார் என்று ஆராயும் ‘அஸ்மாவுர் ரிஜால்’ கலை அவ்வாறு எழுந்தது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான், ‘வஃபயாத்துல் அஃயான்’ என்னும் பெருநூலை எழுதினார். மறைந்த சான்றோரின் அகராதி அது. மறைந்த ஆண்டைத் தம்மால் அறிய முடிந்தவர்களையே பெரும்பாலும் அவர் அதில் சேர்த்தார். ஒருவர் மறைந்த நாளைச் சரியாக அறிவதற்கு அவர்கள் எத்துணை மதிப்பளித்தார்கள் என்பது இதனால் விளங்கும். அத்தகைய மரபின் வழிவந்த நாம், நம் தெருவில் சென்ற ஆண்டு மறைந்த பெரியவரின் வயதைக் கேட்டால் ‘எண்பதுக்கு மேல் இருக்கும்’ என்று கையை விரிக்கிறோம்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

‘அதற்குத்தான் அரசின் பதிவு இருக்கிறதே’ என்று சிலர் கருதலாம். அந்தப் பதிவு கட்டாயம் வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். ஓராண்டும் கடந்துவிட்டால் நடுவரின் ஆணை பெற்றாக வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் பதிவு எளிதில் நடந்துவிடுகிறது. வீட்டில் இறக்கும் முதியோர் விஷயத்தில்தான் சுணக்கம் நேர்கிறது. ‘வயதானவர், காலம் முடிந்து போனார், பதிந்து என்ன ஆகப்போகிறது’ என்று விட்டுவிடுகிறோம். பிறகு வாரிசுச் சான்றிதழ் வேண்டும்போதும், பட்டா மாற்றும்போதும், வங்கிக் கணக்கை முடிக்கும்போதும் அலைகிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றில் இறந்தோரின் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டபோது, முறையான ஆவணம் இல்லாதோர் பட்ட பாட்டை நாமறிவோம்.

ஆனால் அந்தச் சான்றிதழ் என்ன சொல்லும்? பெயர், பாலினம், இறந்த நாள், இடம், பெற்றோர் அல்லது துணைவர் பெயர், முகவரி. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அது சொல்லாது. சொல்வது அதன் வேலையுமன்று. முன்பெல்லாம் கிராம முன்சீப்பும் கணக்கப்பிள்ளையும் தலைமுறை தலைமுறையாக ஊரிலேயே இருந்ததால், ஏட்டில் இல்லாத செய்தியும் அவர்களிடம் இருந்தது. அப்பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. இன்று வரும் அலுவலர்கள் சில ஆண்டுகளில் மாறுதலாகிச் செல்பவர்கள். ஊரின் நினைவை ஊர்தான் காக்க வேண்டும்.

கபுருஸ்தானும் நமக்கு ஏடாக இராது. மீஸான் கற்களில் பெரும்பாலும் எழுத்தில்லை. சில ஆண்டுகளில் மண் அமர்ந்துவிடும், செடி மூடிவிடும், பின்னர் அதே இடத்தில் வேறொருவருக்குக் குழி வெட்டப்படும். அது முறைதான். ஆகவே நினைவுக்கு எஞ்சுவது காகிதம் ஒன்றே.

வக்ஃபு சொத்துகளுக்கும் இது பொருந்தும். இந்த இடத்தைப் பள்ளிக்கு வழங்கியவர் யார், எல்லை எந்தக் கிணற்றிலிருந்து எந்த வரப்பு வரை, அன்று சாட்சியாக நின்றோர் எவர் என்பன பல ஊர்களில் வாய்மொழியாகவே இருந்து வந்தன. 2025ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், சொத்து விவரங்களை ‘உமீத்’ இணையத் தளத்தில் ஏற்ற வேண்டி வந்தபோது, முத்தவல்லிகள் முதலில் தேடிச் சென்றது ஊரின் மூத்தவர்களைத்தான். சில ஊர்களில் அந்த மூத்தவர்கள் முன்பே கபுருஸ்தானுக்குச் சென்றுவிட்டிருந்தார்கள்.

பிறந்த ஆண்டை அறியும் வழி

‘பிறந்த தேதியே தெரியாதவர்களிடம் என்ன கேட்டு எழுதுவது’ என்று தயங்க வேண்டாம். ஆண்டைக் கேட்டால் முதியோர் விழிப்பார்கள். நிகழ்ச்சியைக் கேட்டால் விளக்குவார்கள். நம் பகுதிக்கென்றே சில கால அடையாளங்கள் இருக்கின்றன.

மதுரை – போடி ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். 1950களின் நடுப்பகுதியில் பாதை மீண்டும் போடப்பட்டது. தொண்ணூறு வயதை ஒட்டிய ஒருவரிடம், ‘தண்டவாளம் பெயர்த்தபோது நீங்கள் நடக்கும் பிள்ளையா, மதரஸாவுக்குப் போகும் பிள்ளையா’ என்று கேளுங்கள். ‘திரும்ப ரயில் வந்தபோது உங்களுக்கு நிக்காஹ் ஆகியிருந்ததா’ என்று கேளுங்கள். வயது தானே வெளிப்படும்.

அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கியது 1956இல். வைகை அணை திறந்தது 1959இல். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964 டிசம்பரில். மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1996இல். அகலப்பாதைப் பணிக்காகப் போடி ரயில் நின்றது 2010 இறுதியில். தேனி வரை திரும்பி வந்தது 2022இல், போடி வரை 2023இல். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முன்னதா பின்னதா என்று கேட்டு வந்தால், ஒருவரின் பிறப்பு, திருமணம், தொழில், குடிபெயர்வு அனைத்தையும் ஓரிரண்டு ஆண்டு வேறுபாட்டில் வரிசைப்படுத்தி விடலாம்.

பெயரற்ற தாய்மார்கள்

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1851 முதல் வெளிவருவது. மறைந்தோரைப் பற்றிய தன் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்த அவ்விதழ், அவற்றில் பெண்கள் வெகு குறைவாகவே இடம்பெற்றிருந்ததை ஒப்புக்கொண்டு, விடுபட்டவர்களைப் பற்றி 2018 முதல் ஒரு தொடராக எழுதத் தொடங்கியது. உலகப் புகழ்பெற்ற இதழுக்கே அந்த நிலை என்றால், நம் ஊர்ப் பட்டியலைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நன்னிமார்களில் சிலரைக் குடிக்கணக்கு எடுக்க வந்தோர் ‘எழுத்தறிவு அற்றவர்’ என்று எழுதிச் சென்றிருப்பார்கள். அவர்களோ குர்ஆனைத் திருத்தமாக ஓதுவார்கள். அவர்களுள் சிலர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழையும் படிக்கக் கூடியவர்கள். அந்த எழுத்தைப் படிப்போர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் குறைந்துவிட்டனர். பிரசவம் பார்த்த கைகள், பிள்ளைக்கு உரைமருந்து உரசிக் கொடுத்த கைகள், இறந்த பெண்களைக் குளிப்பாட்டிக் கஃபனிட்ட கைகள் அவர்களுடையவை. ஊரில் எத்தனையோ பேரை இவ்வுலகுக்கு வரவேற்று, எத்தனையோ பேரை வழியனுப்பிய ஒரு தாய், தாம் மறையும்போது ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் குறிக்கப்படுவது நியாயமாகுமா?

மலைக்குச் சென்றவர்களையும் மறந்துவிடலாகாது. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் சென்ற தலைமுறை ஒன்று இருந்தது. தலைச்சுமையாக அரிசியும் பருப்பும் கொண்டுபோய், மாதக்கணக்கில் மலையில் தங்கிப் பிழைத்தவர்கள் அவர்கள். மழைக்காலத்தில் இறங்க முடியாமல் அங்கேயே நோயுற்று மறைந்து, அங்கேயே அடங்கியோரும் உண்டு. அவர்களின் பெயர் அங்குள்ள ஏட்டிலும் ஊன்றவில்லை, இங்குள்ள ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களை அறிந்தோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

எதை எழுதுவது, எதை விடுவது

ஒரு தடித்த பதிவேடு போதும். ஒருவருக்கு ஒரு பக்கம்.

1. முழுப் பெயரும் அழைத்த பெயரும். தந்தை பெயரோடு தாய் பெயரும். பெண்களுக்குப் பிறந்த ஊரும் வீடும்.

2. பிறந்த ஆண்டு, ஏறத்தாழ. எந்த நிகழ்ச்சியை வைத்துக் கணித்தோம் என்ற குறிப்பு.

3. செய்த தொழில்கள், வாழ்ந்த ஊர்கள்.

4. ஓதிக் கொடுத்த உஸ்தாத், தொழில் கற்றுக் கொடுத்தவர்.

5. ஊருக்கும் பள்ளிவாசலுக்கும் ஆற்றிய பணி. பணம் தந்ததை மட்டுமன்று. கிணறு வெட்ட மண் சுமந்ததையும், நோன்புக் கஞ்சி காய்ச்சியதையும், சந்தூக் தூக்கியதையும், கப்ரு வெட்டியதையும்.

6. அவர் மட்டுமே அறிந்த ஒரு செய்தி: ஒரு வைத்தியம், ஓர் எல்லை, ஒரு தாலாட்டு, ஒரு பழைய வழி.

7. மறைந்த நாள், ஹிஜ்ரி தேதியோடு. அடங்கிய இடம், கபுருஸ்தானின் எந்தப் பக்கம், எந்த மரத்தருகில் என்ற குறிப்போடு.

மாதிரிக்கு ஒரு பதிவை உருவாக்கிக் காட்டுகிறோம். இவர் எவரையும் குறிப்பவர் அல்லர். நம் தெருக்களில் வாழ்ந்த பலரின் சாயல் இவரிடம் இருக்கும்.

‘போடி ரயில் பாதை பெயர்க்கப்பட்ட ஆண்டில் மதரஸாவில் சேர்ந்தவர், ஆகவே பிறப்பு 1936ஐ ஒட்டி. பன்னிரண்டு வயதில் அத்தாவோடு ஏலத்தோட்டத்திற்கு ஏறினார். நயா பைசா வந்த ஆண்டில் நிக்காஹ். பின்னர் ஊரில் வண்டிமாடு வைத்துச் சந்தைக்குப் பாரம் அடித்தார். பள்ளிவாசல் ஹவுளுக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவர். ஊரில் மௌத்து விழுந்தால் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பார்; அதற்குக் கூலி வாங்கியதில்லை. கபுருஸ்தானின் வடக்கெல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதை இருவருக்குக் காட்டிச் சென்றார்.’

இவ்வளவே. படிக்க ஒரு நிமிடம் ஆகாது. இதனைக் கேட்ட மாத்திரத்தில் அவர் பேரனின் தலை நிமிரும். ‘என் நன்னா வண்டியடித்தவர்’ என்று நாணியிருந்த பிள்ளை, ‘என் நன்னா கூலி வாங்காமல் இவ்வூருக்குக் கப்ரு வெட்டியவர்’ என்று சொல்வான். வடக்கெல்லை பற்றிய வழக்கு வந்தால் அந்தக் கடைசி வரி ஜமாஅத்துக்கும் துணை நிற்கும்.

எழுதுவதற்குச் சில ஒழுங்குகளும் உண்டு. சொல்பவரின் சம்மதம் பெற்றே எழுத வேண்டும். இறந்தோரை ஏசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே பழைய வழக்கு, பங்காளிச் சண்டை, மனமுறிவு எதுவும் ஏட்டில் ஏறக் கூடாது. நோய் விவரம் குடும்பத்தின் அமானிதம். இல்லாத பெருமையைப் புனைந்து சேர்ப்பதும் தவறே. செல்வருக்கு இரண்டு பக்கம், ஏழைக்கு அரைப் பக்கம் என்ற வேறுபாடு கூடாது. கஃபன் துணியில் இல்லாத வேறுபாடு காகிதத்தில் எதற்கு? எழுதியதைக் குடும்பத்தாரிடம் வாசித்துக் காட்டிய பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

காத்திருக்க வேண்டாம்

மேலே கூறியவற்றுள் ஏழாவது ஒன்றைத் தவிர மற்ற ஆறையும் அவர் உயிரோடிருக்கும்போதே எழுத வேண்டும். இதுவே இன்று நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி. மையித் வீட்டில் கூடி நின்று ‘நல்ல மனிதர்’ என்று பேசிக் கலைகிறோம். அந்த நல்ல மனிதர் கடைசி இரண்டாண்டுகள் திண்ணையில் அமர்ந்து யாராவது வந்து பேச மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் அனுப்புகிறார்கள், கைப்பேசியில் முகம் காட்டுகிறார்கள். குறை சொல்வதற்கில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் அருகில் அமர்ந்து, ‘அந்தக் காலத்தில் என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு ஊரில் இருக்கும் நாம்தான் உண்டு.

பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் ‘சீ’ என்ற சொல்லும் கூறலாகாது என்று திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. ஒருவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும் அக்கட்டளையைப் பேணுவதில் சேரும் என்றே கருதுகிறோம். ஒரே கதையை மூன்றாம் முறை சொல்கிறாரா? மூன்று முறையும் மாறாமல் வரும் செய்தி நம்பத்தக்கது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் செல்பவருக்குச் செய்தி கிடைக்கும். சொல்பவருக்கோ, தம் வாழ்வு வீணாகவில்லை என்ற நிறைவு கிடைக்கும். பல முதியோருக்கு மருந்தை விட அது அவசியமாக இருக்கிறது.

ஜனாஸா தொழுகைக்கு முன், ‘மர்ஹூம் அவர்களிடம் எவருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்கவும்’ என்று அறிவிக்கிறோம். கடன் தீர வேண்டும் என்பதற்காக அந்த அறிவிப்பு. மறைந்தவருக்கு ஊர் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறதல்லவா? அவர் வெட்டிய கிணற்றில் நீர் குடித்தோம், அவர் நட்ட மர நிழலில் நின்றோம், அவர் கட்டிய சுவருக்குள் தொழுகிறோம். பெயரையாவது எழுதி வைத்தால் அக்கடனில் ஒரு சிறு பங்கு தீரும்.

நம் வேண்டுகோள்

நிர்வாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, எண்பது வயதைக் கடந்த ஜமாஅத்தார் ஆண், பெண் அனைவரின் பட்டியலையும் வரும் ரமலானுக்குள் தெரு வாரியாக எடுக்க வேண்டும். இரண்டாவது, கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளில் தெருவுக்கு இருவரை, ஆண்களிடம் கேட்க மாணவரையும் பெண்களிடம் கேட்க மாணவியரையும், இப்பணிக்கு நியமிக்க வேண்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்வதோடு நின்றுவிடாமல், மையினால் தாளில் எழுதவும் வேண்டும். கைப்பேசி மாறும், தாள் இருக்கும். மூன்றாவது, அடுத்த ஆண்டறிக்கையில் ‘வஃபாத்தானோர்’ பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிக்கு மாறாக ஐந்து வரி ஒதுக்க வேண்டும். பெண்களின் பெயர் அவர்களின் பெயராலேயே அச்சேற வேண்டும். அதற்குக் கூடுதலாகும் அச்சுச் செலவை ஏற்க, அல்லாஹ் நாடினால், முன்வருவோர் இச்சபையிலேயே இருப்பார்கள்.

பணி சிறியது, காலம் குறைவு. இன்று சபையில் அமர்ந்திருக்கும் மூத்தோரை அடுத்த பொதுக்கூட்டத்திலும் இதே இடத்தில் காணும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! அவர்களுக்கு உடல் நலத்தையும் மன நிறைவையும் நல்குவானாக! நமக்கு முன் சென்ற அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கப்ருகளை விசாலமாக்கி வைப்பானாக! ஆமீன்.